ஐப்ரோ எடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்த கதை

ஐப்ரோ எடுக்கும் தொழிலில் நூலின் ஒரு முனை நம் பல்லுக்கு நடுவே இருக்கும். அதனால் ஊர்ப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம், ஒரு வார்த்தை பதில் பேச முடியாது. அப்படிக் கேட்டதுதான் இதுவும். வேலையை விட்டுப் போனவரை, 'இனி இந்தத் தொழிலை வேறெங்கும் செய்யாதே' என்று எழுதி வாங்கிய பத்திரத்தைக் காட்டிக் கட்டிப்போட முடியாது என்று என் காதில் முதன்முதலில் விழும்படி சொன்னவர் வக்கீல் மீனாட்சியம்மா. போன ஆடி மாதம், அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த பார்லரில், என் முன்னால் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முதலாளி நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் என்னைப் போல் ஆயிரம் பேர் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

துணைக்குப் போனவள்

என் பெயர் வடிவு. ஊர் திருச்சுழிக்குப் பக்கம். படிப்பு எட்டாவது. பாதி வயசு வரைக்கும் என் கையில் இருந்தது களைக்கொத்திதான். மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் களை எடுத்த கை. மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் வேலையில் நிலைத்த பிறகு, கடைசி மகளை அருப்புக்கோட்டையில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்த பியூட்டீசியன் வகுப்பில் சேர்த்தோம். வயசுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப வேண்டாமென்று நானும் துணைக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். இந்த அம்மா சும்மா இருப்பானேன் என்று டீச்சர் என் கையிலும் ஒரு நூலைக் கொடுத்தார். மகள் கல்யாணமாகிச் சிவகாசிக்குப் போய்விட்டாள். அவளுக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. நூல் என்னோடு தங்கிவிட்டது. பயிரில் கை படாமல் களையை மட்டும் பிடுங்கத் தெரிந்தவளுக்குப் புருவம் ஒன்றும் பெரிய காடு இல்லை.

ராஜி மேடம் நடத்தும் பார்லரில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கென்று வந்து உட்கார்ந்த முதல் ஆள் ஒரு பெண் போலீஸ். எந்த வேலையைத் தொட்டாலும் காளியம்மாவைக் கூப்பிடுவது என் பழக்கம். நூலை வாயிலிருந்து எடுத்து மாற்றிப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் "காளியம்மா, தாயே" என்று சொல்லிக்கொண்டே எடுத்தேன். பாதியில் அந்தப் பெண் கண்ணில் நீரோடு என்னைப் பார்த்தார்.

"யாத்தே, வலிக்கிறது எனக்கு. சாமியைக் கூப்பிடுறது நீங்களா?"

ஆசியா கண்டம்

எங்கள் பார்லரில் வேலை பழகிய இரண்டு பெண்கள் ஒரே நாளில் நின்று, நேர் எதிரே மாடியில் ஒரு பார்லர் திறந்தார்கள். ராஜி மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். அங்கே சேரும்போது அவரிடம் எழுதி வாங்கிய தாளை அக்காவுக்கு அனுப்பிவைத்தார். மேடம் அதைத் தமிழில் மாற்றச் சொல்லி, கம்பெனி பெயர் இருந்த இடத்தில் மட்டும் பார்லர் பெயரைப் போட்டு, முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்துவிட்டார்.

அந்தத் தாளின்படி, வேலையை விட்ட பிறகு இரண்டு வருஷத்துக்கு நான் ஆசியா கண்டத்தில் எங்கேயும் இதே தொழிலைச் செய்யக் கூடாது. எனக்குக் கொடுத்த லேப்டாப்பைப் பழுதில்லாமல் திரும்ப ஒப்படைக்க வேண்டும். சாஃப்ட்வேர் ரகசியங்களை எதிரிக் கம்பெனிகளுக்குத் தரக் கூடாது. கையெழுத்துப் போட்ட பிறகு கூட வேலை பார்த்த செல்வராணி இதை எனக்கு வாசித்துக் காட்டினாள். எனக்குப் பயமாகிவிட்டது. நம்ம கடையில் சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, துடைக்கும்போது தெரியாமல் எதையும் தொட்டுவிட்டேனா என்று கேட்டேன். செல்வராணிக்கு என் மகள் வயசு, துடுக்குப் பேச்சு. மேசையில் கிடந்த மருதாணிக் கோனை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதோட நுனியை எம்புட்டு வெட்டணும்னு ஒங்களுக்குத் தெரியும்ல? அதான்க்கா சாஃப்ட்வேரு. சைனாக்காரன் வந்து கேட்டா சொல்லிறாதீக."

கோயில் வாசல் வரைக்கும்

நாங்கள் கையெழுத்துப் போட்ட வேகத்தைப் பார்த்து மேடத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. குழு லோனு, ரேஷன் கடை, சிலிண்டர்காரன் என்று யார் நீட்டினாலும் போட்டுப் பழகியவர்களுக்குக் கையெழுத்தில் என்ன பயம் இருக்கும்? ஆனால் சூடம் அப்படியில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், மீறினால் அது குடும்பத்தைக் கேட்கும் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் எங்கள் இருவரையும் கடைக்குப் பின்னால் இருக்கும் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

வாசல் படியில் செல்வராணி நின்றுவிட்டாள். "நான் வீட்டுக்குத் தூரம் மேடம்" என்று தலையைக் குனிந்து சொன்னாள். மாதத்தில் அந்த நாட்களில் ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வா என்று யார் இழுப்பார்கள்? அப்புறம் பண்ணிக்கொள்ளலாம் என்று மேடம் விட்டுவிட்டார், பிறகு மறந்தும் போனார். உள்ளே போனவள் நான் ஒருத்திதான். "இந்தக் கடையை விட்டுப் போனா ரெண்டு வருசத்துக்கு இன்னொரு கடையில இந்த வேலையைத் தொடமாட்டேன்" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகவே தெரியவில்லை. நான் எங்கே போகப் போகிறேன்?

சில மாதம் கழித்து செல்வராணிக்கு ஏழாம் மாதம் என்று, ராஜி மேடமே முன்னால் நின்று கடையில் வைத்து வளையல் அடுக்கினார். சந்தனம் தடவும்போது எனக்கு எங்கேயோ கணக்கு இடித்தது. குனிந்து அவள் காதருகே, அன்றைக்கு நீ தூரம் என்றாயே என்று கேட்டேன். வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. அன்னைக்கு எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போயிருந்துச்சு."

ஒத்தப் புருவம்

பிள்ளை பிறந்ததும் செல்வராணி வேலையை விட்டுவிட்டாள். போன ஆடியில்தான் வக்கீல் மீனாட்சியம்மா வந்தார். ஒரு புருவம் முடிந்து அடுத்த புருவத்துக்கு நான் நூலைப் பல்லில் கடித்த நேரம், அவருக்கு ஒரு போன் வந்தது. கண்ணைத் திறக்காமலே காதில் வைத்துப் பேசினார். துணிக்கடை ஒன்றிலிருந்து நின்று வேறு கடையில் சேர்ந்த ஒரு சேல்ஸ்மேன் அழுதுகொண்டிருக்கிறார் போலிருக்கிறது. அவருக்கு மீனாட்சியம்மா சொன்னது அத்தனையும் என் காதில் விழுந்தது. வேலையில் இருக்கும்போதே எதிர்க் கடைக்கும் வேலை செய்யக் கூடாது என்றால் அது செல்லும். கடைக்காரர்களின் ரகசியத்தையும் வாடிக்கையாளர் போன் நம்பர்களையும் அள்ளிக்கொண்டு போனால் அதற்குக் கேஸ் போடலாம். தன் கடையையே விற்றுவிட்டு, அதே பக்கத்தில் திரும்ப அந்தக் கடை வைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதும் வேறு விஷயம். ஆனால் வேலையை விட்ட பிறகும் தெரிந்த தொழிலைச் செய்யாதே என்று எழுதி வாங்கியிருந்தால், அந்த வரி செல்லாது. மனுசன் பிழைக்க வேண்டாமா என்று சட்டமே கேட்கிறதாம்.

என் வாயிலிருந்து நூல் நழுவிவிட்டது. பின்னால் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த ராஜி மேடமும் அப்படியே நின்றுவிட்டார். "என்னக்கா நிறுத்திட்டீக? ஒத்தப் புருவத்தோடவா நான் கோர்ட்டுக்குப் போறது?" என்று மீனாட்சியம்மா கேட்ட பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அப்போது ராஜி மேடம் பக்கத்தில் வந்து, தாள் செல்லாவிட்டால் போகட்டும், சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கியிருந்தால் அது செல்லுமா என்று கேட்டார். வக்கீலம்மா கண்ணாடியில் இரண்டு புருவத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார்.

"அது எங்க கோர்ட்டு எல்லைக்குள்ள வராதுங்க. அதுக்கு அப்பீலும் கெடையாது."

பை வைத்த நாற்காலி

அந்த ஆவணியில் செல்வராணி திருச்சுழியில் சொந்தமாக ஒரு பார்லர் திறந்தாள். என் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எனக்கோ தினமும் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே திரும்பி, இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர், ஒன்று பஸ்ஸை விடுங்கள், இல்லை வேலையை விடுங்கள் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டுவிட்டு வேலையை வைத்துக்கொள்ள எனக்கு இருந்த ஒரே வழி திருச்சுழிதான். இந்த வேலையை நான் விட்டுவிடக் கூடாதா என்று கேட்பீர்கள். இத்தனை வயசு வரைக்கும் இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா என்று இருந்தவளை, ஊர் பேர் தெரியாத பெண்கள் வந்து "வடிவக்கா இருக்காகளா?" என்று பேர் சொல்லிக் கேட்டார்கள். அதை எப்படி விடுவது?

புரட்டாசியில் மேடத்திடம் சொல்லிவிட்டு நின்றேன். அவர் தடுக்கவில்லை. சத்தியத்தை மறந்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். பெரியவன் போனில், அதுதான் சட்டப்படி செல்லாது என்று ஆகிவிட்டதே, போய்ச் சேர வேண்டியதுதானே என்று சத்தம் போட்டான். சட்டம் விட்டுவிட்டது, சாமி இன்னும் விடவில்லையே என்றேன். போனை வைத்துவிட்டான். செல்வராணியிடம் போய், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், மதுரையிலிருந்து வேறு ஆளைப் பார் என்றேன். அவள் இரண்டாவது நாற்காலியைக் காட்டினாள். அதன் மேல் அவளுடைய கைப்பை இருந்தது.

"தை பெறந்தா முகூர்த்தமா வரும், அப்ப ஆள் இல்லாம முடியாது. அதுவரைக்கும் இதுல பையைத்தான் வைப்பேன்க்கா, ஆளை வைக்கமாட்டேன்."

வீட்டுக்காரர் புருவம்

வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் கை துருதுருவென்று இருக்கும் என்பது, என்னைப் போல் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோலத்தில் தப்பிய புள்ளியைக்கூட நூலால் எடுத்துவிடலாம் போல இருந்தது. கை பழக்கம் விட்டுவிடுமே என்று கவலை வேறு. எங்கள் வீட்டுக்காரர் பந்தல்குடிப் பக்கம் ஒரு மில்லில் வாட்ச்மேன். அவர் புருவம் கண்மாய்க் கரையில் கருவேலம் முளைத்த மாதிரி இருக்கும். வீட்டு ஆளுக்கு எடுத்தால் அது கடை வேலையில் சேராது என்று காளியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மத்தியானம் அவர் அசந்து படுத்திருந்தபோது ஆரம்பித்தேன்.

முதல் இழுப்பிலேயே எழுந்து உட்கார்ந்து, தேள் கடித்துவிட்டது என்று கூரையைப் பார்த்தார். ஒன்றில் கை வைத்தாகிவிட்டது, அப்படியே விட்டால் ஊர் சிரிக்கும் என்று கெஞ்சி இரண்டையும் முடித்தேன். அம்மன் சிலைக்குக்கூட அப்படி வளைவு வராது. நானே கையெடுத்துக் கும்பிடும்படி இருந்தது. அதே முகத்தோடு மில்லுக்குப் போனவர், மறுநாள் காலையில் வந்து சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மில்லுல அம்புட்டுப் பேரும் பொண்ணு எந்த ஊருன்னு கேக்குறாய்ங்க. இனிமே நூலை எடுத்துக்கிட்டு என் மூஞ்சிப் பக்கம் வந்த, நான் திருப்பூருக்குப் போயிருவேன்."

அவிழ்க்க ஆள் வேண்டும்

ஐப்பசி மழைக்கு நடுவில் ஒருநாள் காளியம்மன் கோயில் பூசாரியைப் போய்ப் பார்த்தேன். சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்றாலும் செய்கிறேன், மாவிளக்கு எடுக்கவா, அங்கம் உருளவா என்று கேட்டேன். அவர் நிதானமான மனுஷன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். நீங்கள் சத்தியத்தை மீறவில்லை, அதனால் உங்களுக்குப் பரிகாரமே இல்லை என்றார். சந்தோஷப்பட்டேன். அப்படியானால் நாளைக்கே வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். போகக் கூடாது என்றார்.

சத்தியம் வாங்கியவரும் கொடுத்தவரும் ஒன்றாகச் சன்னிதியில் நின்று, வாங்கியவர் "விட்டேன்" என்று தன் வாயால் சொல்லி, கொடுத்தவர் நெற்றியில் திருநீறு பூச வேண்டுமாம். அதுவரைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்கூடப் புழங்கக் கூடாதாம். ராஜி மேடம் எதற்கு வந்து எனக்காக நிற்கப் போகிறார்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே, வக்கீலம்மா செல்லாது என்று சொன்னதையும் அவரிடம் சொன்னேன்.

"கோர்ட்டுன்னா ஒரு பக்கம் வராட்டியும் தீர்ப்பைச் சொல்லிருவாக. இங்க அப்படியில்ல தாயி, கட்டுனவுக வந்துதான் அவுக்கணும்."

திரும்பி வந்த தாம்பாளம்

கார்த்திகையில் ராஜி மேடம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தையில் முகூர்த்தம். முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, அம்மன் காலடியில் வைக்கக் கொண்டுபோனார்கள். பூசாரி தட்டைக் கையில் வாங்காமல், இவர் பேரில் இந்தச் சன்னிதியில் ஒரு சத்தியம் நிலுவையில் கிடக்கிறதே, அதை வைத்துக்கொண்டு மங்கல காரியத்துக்கு எப்படிப் பூப் போடுவது என்று கேட்டுவிட்டார். என்னைக் கட்டிய கயிற்றின் மறுமுனை மேடத்தின் காலில்தான் கிடந்திருக்கிறது. அது இரண்டு பேருக்குமே தெரியாது. மத்தியானம் மேடத்திடமிருந்து எனக்குப் போன் வந்தது. நலமா, சாப்பிட்டாச்சா எதுவும் கிடையாது. உடனே கோயிலுக்கு வாருங்கள் என்றார். வீங்கின காலோடு, கிடைத்த பஸ்ஸில் ஏறினேன்.

சன்னிதியில் நின்றும் மேடத்துக்கு முதலாளி மனசு போகவில்லை. ஐப்ரோவை விட்டுவிடுகிறேன், கல்யாண மேக்கப்பை மட்டும் விடமாட்டேன் என்று பேரம் பேசினார். "காலு அரைன்னு வைக்கிறதுக்கு இது காய்கறிக் கடையா தாயி? முழுசா விடுங்க" என்றார் பூசாரி. சரி, முகத்தில் பூசும் பேஸ்பேக்கில் என்ன கலக்கிறோம் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார் மேடம். அதற்கு நானே சந்தோஷமாகத் தலையாட்டினேன். ரகசியத்தைக் காக்கச் சொன்னால் அது செல்லும் என்று வக்கீலம்மா சொன்னது நினைவிருந்தது. அதனால்தான் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். மேடம் "விட்டேன்" என்று மூன்று தடவை சொல்லி, என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். காளியம்மா என்று நான் அழுத அழுகையில் பாதி திருநீறு கன்னத்துக்கு வந்துவிட்டது. கோயிலை விட்டு இறங்கும்போது என் தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். எதிர் மாடிப் போட்டிக் கடைப் பெண்கள் யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எம்மக உங்க கையைத் தவிர வேற கையைப் புருவத்துல வைக்க விடமாட்டேங்கிறா. பொண்ணழைப்புக்கு முன்னால அவளைத் திருச்சுழிக்குக் கூட்டியாந்தா, வெளியில யாருகிட்டயும் சொல்லமாட்டீகளே?"

(இப்போது சொல்லலாம். கல்யாண வீட்டில் மேடமே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.)

நம்ம ரெண்டு பேருக்குள்ள

தை பிறக்கும் முன்பே செல்வராணி நாற்காலியிலிருந்து பையை எடுத்துவிட்டாள். நடந்து போய் நடந்து வருகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நரிக்குடியிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் "வடிவக்கா இருக்காகளா?" என்றுதான் கேட்கிறார்கள். செல்வராணி, நானும் எடுப்பேன் உட்காருங்கள் என்றாலும், பரவாயில்லை, அக்கா வரட்டும் என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். இரண்டு மாசமாக அவள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போன வாரம் காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வராணி கையில் ஒரு முத்திரைத்தாள். சும்மா ஒரு இதுக்காகத்தான், கையெழுத்துப் போடுங்கள் என்று நெளிந்தாள். வாங்கிப் பார்த்தேன். அதே தாள்தான், பார்லர் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். லேப்டாப்பைக்கூட எடுக்கவில்லை. இதுதான் செல்லாது என்று ஆகிவிட்டதே செல்வராணி என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் தனியாகக் கடை போட்டுவிடுவேனோ என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது.

"அது ராஜி மேடத்துக்குத்தான்க்கா செல்லாது. நம்ம ரெண்டு பேருக்குள்ள செல்லும்ல?"

பாவம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வேலைக்காரியாக இருந்தவரை செல்லாத தாள், கடைச் சாவி கைக்கு வந்ததும் எல்லோருக்கும் செல்லுபடியாகிவிடுகிறது. உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திருச்சுழிப் பக்கம் மளிகைக் கடையோ பூஜைச் சாமான் கடையோ வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், செல்வராணி வந்து கேட்டால் அவளுக்குச் சூடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.